திட்டிக்கிட்டே டிக்கெட் எடுக்கிற ரசிகர்கள்... `டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படங்களோடு என்னதான் பிரச்னை?

1986, ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் கோடை விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா அம்மாக்கள் தியேட்டருக்குப் போகிறார்கள். டி.வி-யில் தினமும் பார்க்கிற ரோபோ கார்ட்டூன் முதன்முறையாகப் பெரிய திரைக்கு வந்திருக்கிறது. படம் ஆரம்பித்து அரை மணி நேரம்தான் இருக்கும். சிவப்பும் நீலமுமான அந்த லாரி ரோபோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. கண்ணில் ஒளி அணைகிறது. உடம்பு முழுக்க சாம்பல் நிறமாக மாறுகிறது. அவ்வளவுதான், ஹீரோ செத்துப்போனார்.

தியேட்டரில் குழந்தைகள் விசும்பி அழுதார்கள். கடிதங்கள் பறந்தன. கோபப்பட்ட பெற்றோருக்கு அப்போது ஒரு விஷயம் தெரிந்திருக்காது. அந்த ஹீரோவைக் கொன்றது வில்லன் இல்லை, பொம்மை கம்பெனியின் விற்பனைத் திட்டம்!

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றதும் தெருமுனையில் `டப்'பென்று வெடிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஞாபகத்துக்கு வருகிறதா? அது இல்லைங்க. காராகவும் லாரியாகவும் விமானமாகவும் உருமாறும் ரோபோ பொம்மைகளைத்தான் சொல்கிறோம். 2007-லிருந்து இந்தப் பொம்மைகளை வைத்து ஹாலிவுட் எட்டுப் படங்கள் எடுத்துவிட்டது. கோடி கோடியாக டாலர் கொட்டியது. ஆனால், சின்ன வயதில் இந்தப் பொம்மையோடு தூங்கிய ரசிகர்களைக் கேட்டால், ஒரே மூச்சில் புகழ்வார்கள், அதே மூச்சில் திட்டுவார்கள். அடுத்த படத்துக்கு முதல் ஆளாக டிக்கெட்டும் எடுப்பார்கள். ஏன் இப்படி? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

உயிர் கொடுத்தது ஓர் அட்டை!

இந்த பொம்மைகளின் பிறந்த வீடு ஜப்பான். டக்காரா என்ற கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் `டயாக்ளோன்', `மைக்ரோ சேஞ்ச்' என்று இரண்டு வரிசைகளை விற்றுக்கொண்டிருந்தது. டயாக்ளோனில் கார்கள் ரோபோவாக மாறும். மைக்ரோ சேஞ்சில் கேசட், துப்பாக்கி போன்ற வீட்டுப் பொருள்கள் ரோபோவாக மாறும். ஆனால், டயாக்ளோன் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே விரல் நுனி அளவுக்குக் குட்டி பொம்மை ஒன்று உட்கார்ந்து ஓட்டும். அதாவது, அவை வெறும் வண்டிகள்தான்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இவற்றை வாங்கி, `டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயர் வைத்து 1984-ல் கடைக்குக் கொண்டுவந்தது. கதை எழுதும் வேலையை மார்வெல் காமிக்ஸிடம் கொடுத்தது. அங்கேதான் மேஜிக் நடந்தது. சைபர்ட்ரான் என்றொரு இயந்திர கிரகம். அங்கே ஆட்டோபாட் என்ற நல்லவர்களுக்கும் டிசெப்டிகான் என்ற கெட்டவர்களுக்கும் சண்டை. சண்டை பூமி வரைக்கும் வந்துவிடுகிறது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னி ஓ'நீல். மற்ற பல ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. `மெகாட்ரான்' என்று அவர் வில்லனுக்குப் பெயர் வைத்தபோது, ரொம்ப பயமாக இருக்கிறதே என்று ஹாஸ்ப்ரோ தயங்கியதாம். அவன்தானே தலைமை வில்லன், பயமாகத்தானே இருக்கணும் என்று வாதாடி ஜெயித்தார் புடியான்ஸ்கி.

ஒவ்வொரு பொம்மைப் பெட்டியின் பின்புறமும் ஒரு குறிப்பு அட்டை இருக்கும். இவன் யார், என்ன வேலை, எதற்குப் பயப்படுவான், வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று எழுதியிருக்கும். மதிப்பெண்களை மட்டும் நேரடியாகப் படிக்க முடியாது. கூடவே வரும் சிவப்பு பிளாஸ்டிக் தாளை மேலே வைத்தால்தான் கோடு தெரியும். கத்தரித்து எடுத்து டப்பாவில் சேர்த்துவைத்தார்கள் பிள்ளைகள். நம்ம ஊர் ட்ரம்ப் கார்டு ஞாபகம் வருதா? அதேதான். பிளாஸ்டிக் துண்டு ஓர் ஆளாக மாறியது அந்த அட்டையால்தான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மென்மையான பலசாலி

அதே 1984 செப்டம்பரில் டி.வி தொடர் ஆரம்பித்தது. குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கான கட்டுப்பாடுகளை அமெரிக்க அரசு தளர்த்தியிருந்த நேரம் அது. அரை மணி நேர விளம்பரத்தையே நிகழ்ச்சி என்று ஒளிபரப்பலாம் என்ற நிலை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடரும் அப்படிப் பிறந்ததுதான். அதில் ஒளிவுமறைவே இல்லை.

ஆனால், அந்த விளம்பரத்துக்குள் ஒரு நிஜமான குரல் வந்து உட்கார்ந்தது. ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் கல்லன். இவருடைய அண்ணன் லாரி, வியட்நாம் போரில் பணியாற்றிய மரைன் படை வீரர். குரல் தேர்வுக்குப் போகிறேன், லாரியாக மாறுகிற ஒரு ஹீரோ என்று தம்பி சொன்னதும், ஹீரோவாக நடிக்கிறாய் என்றால் நிஜ ஹீரோ மாதிரி பேசு, கத்தாதே, மென்மையாக இருக்கிற அளவுக்குப் பலசாலியாக இரு என்று அண்ணன் அறிவுரை சொன்னாராம். கல்லன் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அண்ணனின் அந்த அமைதியான குரலைத்தான் அவர் ஆப்டிமஸுக்குக் கொடுத்தார். அப்பா வேலைக்குப் போய்விட்ட வீட்டில், சாயங்காலம் டி.வி-யில் ஒரு பெரிய மனுஷன் நிதானமாகப் பேசினால் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் 1986-ல் அத்தனை அழுகை.

அவரை ஏன் கொன்றார்கள்? பழைய பொம்மைகளை எடுத்துவிட்டு, புதிய பொம்மைகளைக் கடை அலமாரியில் வைக்க வேண்டும். அதற்காகப் பழைய ரோபோக்களைப் படத்திலேயே வரிசையாகத் தீர்த்துக்கட்டினார்கள். குழந்தைகளுக்கு அவர்கள் வெறும் சரக்கு இல்லை என்பதைக் கம்பெனி யோசிக்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்ததால், 1987-ல் டி.வி தொடரில் ஆப்டிமஸுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஹாஸ்ப்ரோவின் இன்னொரு தொடரான `ஜி.ஐ.ஜோ' படத்தில் முக்கியக் கதாபாத்திரமான டியூக்கைக் கொல்லும் திட்டமும் இதனால் மாறியது. அவர் கோமாவில் இருப்பதாக வசனத்தை மாற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

ரசிகர்களின் மனக்கசப்பு மைக்கேல் பே காலத்தில் ஆரம்பித்தது இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும். பொம்மையை விற்பவர்களுக்கும் நேசிப்பவர்களுக்கும் நடுவிலான பஞ்சாயத்து ரொம்பப் பழசு!

2007: கனவும் பலித்தது, கசப்பும் வந்தது

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிர்வாகத் தயாரிப்பாளர், மைக்கேல் பே இயக்குநர். 2007 ஜூலையில் படம் வந்தது. நிஜ லாரி ஒன்று நம் கண் முன்னால் பிரிந்து, சுழன்று, எழுந்து நிற்கிறது. ஆப்டிமஸ் உருவத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். ஐ.எல்.எம் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் கலைஞர்கள் அசத்தியிருந்தார்கள். 20 வருடங்களாக மனசுக்குள் ஓடிய காட்சி திரையில் ஓடியபோது, முப்பது வயது ஆண்கள் கண் கலங்கியதில் ஆச்சர்யமில்லை. பீட்டர் கல்லனையே மறுபடி பேச வைத்திருந்தார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டுப் பெற்ற பரிசு அது. படம் உலகம் முழுக்க சுமார் 70 கோடி டாலர் வசூலித்தது.

அப்புறம் என்ன குறை? ரசிகர்கள் போட்ட பட்டியல் நீளம்.

* பம்பிள்பீ: 1984 பொம்மையில் அவன் ஒரு மஞ்சள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். குட்டி, உருண்டை, எளியவன். படத்தில் ஷெவர்லே கமாரோ ஆகிவிட்டான். பீட்டில் என்றால் டிஸ்னியின் `ஹெர்பி' கார்தான் ஞாபகம் வரும் என்பது இயக்குநரின் காரணம். பழைய கார் விற்கும் இடத்தில் கமாரோவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பீட்டிலையும் நிறுத்தி, ரசிகர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

* ஆப்டிமஸ்: பொம்மையில் மூக்கில்லாத தட்டை முக லாரி. படத்தில் நீள மூக்கு வைத்த பீட்டர்பில்ட். போதாக்குறைக்கு உடம்பெல்லாம் தீ ஜுவாலை பெயின்ட்.

* மெகாட்ரான்: பொம்மையில் கைத்துப்பாக்கியாக மாறுவான். பிரமாண்டமான ரோபோ கையடக்கமாகச் சுருங்குவது திரையில் நம்பும்படி இருக்காது என்று வேற்றுக்கிரக விமானமாக்கிவிட்டார்கள். கார்ட்டூனில் குரல் கொடுத்த ஃபிராங்க் வெல்கருக்குப் பதில் ஹ்யூகோ வீவிங் பேசினார்.

* கார் விளம்பரம்: ஆட்டோபாட்களில் கமாரோ, பான்டியாக், ஹம்மர் என்று வரிசையாக ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள். `இது படமா, கார் ஷோரூமா?' என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் நேசித்த கார்ட்டூனே பொம்மை விளம்பரம்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு!

சாதாரண புலம்பல்... நியாயமான புகார்

தீ ஜுவாலை பெயின்ட்டுக்காக இவ்வளவு சண்டையா என்று சிரிக்கலாம். ரசிகர்களே சிரித்துக்கொள்வார்கள். எந்த மாற்றம் வந்தாலும் `போச்சு, எல்லாம் நாசம்' என்று கத்துவது அவர்களுக்குள் ஓடும் கிண்டல். 1996-ல் `பீஸ்ட் வார்ஸ்' தொடரில் தலைவர் ரோபோ கொரில்லாவாக மாறியபோது, எங்களுக்கு லாரிதான் வேணும், குரங்கு வேணாம் என்று கொந்தளித்தார்கள். அதே `பீஸ்ட் வார்ஸ்' இன்று கொண்டாடப்படும் கிளாசிக். 2023-ல் வந்த `ரைஸ் ஆஃப் த பீஸ்ட்ஸ்' படத்தில் அந்த கொரில்லா வந்தபோது அதே கூட்டம் கைதட்டியது.

ஆனால், எல்லாப் புகாரையும் இப்படித் தள்ளிவிட முடியாது. மூன்று விஷயங்களில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஒன்று, கை புரிந்துகொண்டதைக் கண் புரிந்துகொள்ளவில்லை. பொம்மையின் சந்தோஷமே எந்தப் பாகம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதில்தான். லாரியின் முன் கண்ணாடி நெஞ்சாகும், பின்பக்கம் காலாகும். பத்து முறை மாற்றினால் விரலுக்கே வழி தெரிந்துவிடும். படத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில் சுழல்கின்றன. பிரமிப்பாக இருக்கும், ஆனால் பின்தொடர முடியாது. சாம்பல் நிற ரோபோக்கள் இரண்டு கட்டிப் புரண்டால், யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது.

இரண்டு, சொந்தப் படத்திலேயே விருந்தாளி ஆனார்கள். கதை முழுக்க மனிதர்களைச் சுற்றியே போனது. ரோபோக்கள் வருவார்கள், அடிப்பார்கள், போவார்கள். அந்தக் குறிப்பு அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஒரு பத்திக்குள் ஒரு ஆளைச் செதுக்கிய அட்டை! இரண்டரை மணி நேரப் படத்தில் பல ரோபோக்களுக்கு அந்த ஒரு பத்தி அளவுக்குக்கூட குணம் எழுதப்படவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம்... ஆப்டிமஸ் மாறிவிட்டார். 2011-ல் வந்த `டார்க் ஆஃப் த மூன்' படத்தின் முடிவில், தோற்றுக் கிடக்கும் தன் முன்னாள் தலைவர் சென்டினல் பிரைம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டுக்கொல்கிறார் ஆப்டிமஸ். பெயின்ட் மாறினால் பரவாயில்லை, குணம் மாறலாமா என்பதுதான் பழைய ரசிகர்களின் கேள்வி. அண்ணனிடமிருந்து தம்பி வாங்கிவந்த அந்த மென்மை எங்கே போனது? குரல் அதே குரல், ஆள் வேறு ஆள். அதுதான் வலித்தது.

இதோடு பெற்றோரின் சங்கடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மை சின்னப் பிள்ளைகளுக்கானது. பே எடுத்த ஐந்து படங்களும் அமெரிக்காவில் `பிஜி-13' சான்றிதழ் பெற்றவை. அதாவது, 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாத காட்சிகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கை. பெண்களை கேமரா பார்த்த விதம், இரட்டை அர்த்த ஜோக்குகள்... தான் நேசித்த பொம்மையைத் தன் மகனுக்கும் மகளுக்கும் அறிமுகப்படுத்த ஆசைப்பட்டவர்கள், பாதிப் படத்தில் பிள்ளையின் கண்ணை மூட வேண்டியிருந்தது.

வசூல் சொல்லும் விநோதக் கதை

2009-ல் வந்த இரண்டாம் பாகம் `ரிவெஞ்ச் ஆஃப் த ஃபாலன்'. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் கதை சரியாக அமையவில்லை என்று இயக்குநரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். இரட்டை ரோபோக்கள் இரண்டைக் கறுப்பினத்தவரைக் கேலி செய்வதுபோலக் காட்டியதாகக் கடும் கண்டனம் எழுந்தது. மோசமான படத்துக்கான ராஸி விருதும் கிடைத்தது. வசூல்? முதல் படத்தைவிட அதிகம், சுமார் 83 கோடி டாலர்! மூன்றாம், நான்காம் பாகங்கள் தலா 110 கோடி டாலரைத் தாண்டின. நான்காம் பாகமான `ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்' சீனாவில் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் அள்ளியது.

ஒருவழியாக 2017-ல் `த லாஸ்ட் நைட்' சுமார் 60 கோடி டாலரோடு சறுக்கியபோதுதான் ஸ்டூடியோ யோசித்தது. 2018-ல் டிராவிஸ் நைட் இயக்கத்தில் `பம்பிள்பீ' வந்தது. 1987-ல் நடக்கிற கதை. பீட்டில் காரே திரும்பி வந்தது. அப்பாவை இழந்த ஒரு பெண்ணுக்கும் பேச முடியாத ஒரு ரோபோவுக்கும் இடையிலான நட்பு. ஆரம்பத்தில் வரும் சைபர்ட்ரான் சண்டைக் காட்சியில் ரோபோக்கள் அப்படியே 1984 பொம்மைகள்போல இருந்தார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள், ரசிகர்கள் உருகினார்கள். வசூல் சுமார் 46 கோடி டாலர்தான்.

2024-ல் வந்த `டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' இன்னும் ஒரு படி மேலே போனது. முழு அனிமேஷன், மனிதர்களே கிடையாது. ஆப்டிமஸும் மெகாட்ரானும் எதிரிகள் ஆவதற்கு முன்னால் எப்படி உயிர் நண்பர்களாக இருந்தார்கள் என்ற கதை. ரசிகர்கள் இத்தனை வருடம் கேட்டது எல்லாமே இருந்தது. சுமார் 13 கோடி டாலரோடு நின்றுபோனது.

அதாவது, ரசிகர்கள் திட்டிய படங்கள் ஓடின, கொண்டாடிய படங்கள் படுத்தன. ஸ்டூடியோ யார் பேச்சைக் கேட்கும், சொல்லுங்க? இந்த உண்மை பழைய ரசிகர்களுக்கும் தெரியும். அவர்களுடைய கோபத்துக்குள் ஒளிந்திருக்கும் சோகம் இதுதான். இது இனி தங்களுக்கு மட்டுமான வீடு இல்லை.

படங்கள் தந்த நன்மை

ஆனாலும், முழுசாக வெறுக்கவும் முடியாது. இந்தப் படங்களால்தான் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயர் புதிய தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. பெயர் உயிரோடு இருப்பதால்தான் பழைய வடிவங்களும் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. 1986 படத்து ரோபோக்களை அப்படியே வடித்த பொம்மைகள் இப்போது பெரியவர்களைக் குறிவைத்தே வெளியாகின்றன. 2024-ல் அமெரிக்காவின் தேசிய பொம்மைகள் பெருமைக்கூடத்திலும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இடம்பிடித்தது.

இன்னொன்றும் இருக்கு. 2007-ல் எட்டு வயதாக இருந்தவருக்கு இன்று இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவருடைய பம்பிள்பீ பீட்டில் இல்லை, கமாரோதான். தீ ஜுவாலை இல்லாத ஆப்டிமஸைப் பார்த்தால் அவருக்கு என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் பலருக்கும் இந்த ரோபோக்கள் அறிமுகமானது தியேட்டரில்தான், பொம்மைக் கடையில் இல்லை. பழைய ரசிகர் `இது என் சின்ன வயசைக் கெடுத்துடுச்சு' என்று சொல்கிற அதே படம்தான், இவருடைய சின்ன வயசு!

வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்கணும்னா...

* சின்னப் பிள்ளைகள் இருந்தால், `டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்'-ல் ஆரம்பியுங்கள். முந்தைய கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை.

* பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு `பம்பிள்பீ'. சண்டை உண்டு, ஆனால் மனசைத் தொடும் கதை. இதுவும் `பிஜி-13' என்பதால் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

* 2007 படத்தை டீன் ஏஜ் பிள்ளைகளோடு பார்க்கலாம். உருமாறும் காட்சிகளுக்காகவே பெரிய திரை நல்லது.

* 1986 அனிமேஷன் படத்தைப் போட்டால், ஹீரோ இறந்துபோவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 40 வருடங்களுக்கு முன்னால் யாரும் சொல்லாமல் விட்ட எச்சரிக்கை அது.

அடுத்த படம் வரும். ஆப்டிமஸின் நிறம் சரியில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பக்கத்து சீட்டில் ஒரு குட்டிப் பையனோ பெண்ணோ முதல்முறையாக அந்த லாரி எழுந்து நிற்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் புலம்பலைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். அவங்களோட ஆப்டிமஸ் இப்போதான் பிறக்கிறார். இன்னும் 20 வருடம் கழித்து, அவரை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட அவங்களுக்கும் ஓர் ஆள் வேணும்தானே?